பதினெட்டாம் போர் கூத்துப் பதிவைத் தூக்கிவிட்டார்கள்: தளம் பொறுப்பா, புகார் கொடுத்தவர் பொறுப்பா, நான் பொறுப்பா?

#1 பாலாற்றுமணல் | வெள்ளி, இரவு 10.47

எல்லாருக்கும் வணக்கம். பதிவு நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய வட ஆற்காடு இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நாலு மாவட்டமாகப் பிரிந்து கிடக்கிறது. இந்த நாலில் எங்கே பாரதக் கூத்து விட்டாலும், லீவு கிடைத்தால் நான் அங்கே இருப்பேன். ஸ்டாண்டு, இரண்டு போன், சின்ன மைக் ஒன்று. ஆறு வருஷத்தில் நூறு ராத்திரிக்கு மேல் பதிவு செய்து ஒரு பெரிய காணொலித் தளத்தில் ஏற்றியிருக்கிறேன். விளம்பரக் காசு வாங்கியதில்லை.

வைகாசி கடைசியில் கணியம்பாடிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழா. பாரதப் போரின் கடைசி நாளை ஆடுகிற பதினெட்டாம் போர் ராத்திரி. பத்தரைக்குத் திரை பிடித்தார்கள். களிமண்ணில் செய்து படுக்கவைத்திருந்த துரியோதனன் பக்கத்தில் வேஷக்காரர் போய் நின்றபோது மணி ஆறே கால். நாலு பாகமாக வெட்டி ஏற்றினேன்.

மூன்றாம் நாள் மெயில் வந்தது. மூன்றாம் பாகத்தில் 1:14:36 முதல் 1:15:17 வரை ஓர் ஆடியோ கம்பெனியின் ஒலிப்பதிவோடு ஒத்துப்போகிறதாம். 41 நொடி. அது எந்த இடம் என்று எனக்குப் பார்க்காமலே தெரியும். சேனையெல்லாம் செத்து விழுந்தபிறகு துரியோதனன் தனியாக மடுவைத் தேடிப் போகிற இடம். ஆர்மோனியம் நின்றுவிடும், மிருதங்கமும் நின்றுவிடும். முகவீணை என்கிற சின்ன ஊதுகுழல் மட்டும் இழுத்துக்கொண்டிருக்கும். அதன்மேல் கூத்தை நடத்திப் பாடுகிற வாத்தியார் விருத்தம் எடுப்பார். விடிகாலை மூன்றரைக்கு, தூங்கிக்கொண்டிருந்த கிழவிகள்கூட எழுந்து உட்கார்ந்தார்கள்.

"இது கோயில் வாசலில் நான் எடுத்தது" என்று பதில் எழுதினேன். ஒரு வாரம் கழித்து அதே கம்பெனி நேரடியாகப் புகார் கொடுத்து மூன்றாம் பாகத்தையே எடுக்க வைத்துவிட்டது. சேனலுக்கு ஒரு ஸ்ட்ரைக். இப்படி மூன்று விழுந்தால் சேனலே காலி, நூறு ராத்திரியும் போச்சு.

யாரோ ஒருவர் எழுதிப் போட்டால் தளம் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எடுக்கலாமா? பொய்யாகப் புகார் கொடுத்தவருக்கு ஒன்றுமே கிடையாதா?

#2 காட்பாடி சர்வர் | வெள்ளி, இரவு 11.20

அண்ணே, நான் உங்க சேனல் பார்க்கிறவன். ஆனா தளம் நடத்துறவன் பக்கத்து நியாயத்தையும் கேளுங்க.

நான் இங்கே சின்ன அளவில் ஒரு வரி விளம்பரத் தளம் நடத்துறேன். வீடு வாடகை, பழைய வண்டி, ஆரணிப் பட்டு. தினம் இருநூறு பேர் எதையாவது ஏத்துவாங்க. அதுல யார் போட்டோ யாருதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் தகவல் தொழில்நுட்பச் சட்டத்துல 79-ஆம் பிரிவு. அடுத்தவன் போட்டதுக்கு நான் பொறுப்பில்லை, ஆனா தெரிஞ்ச பிறகும் எடுக்காம வச்சிருந்தா அந்தப் பாதுகாப்பு போயிடும். அந்த "தெரிஞ்ச பிறகு"ங்கிற ரெண்டு வார்த்தைதான் என் தூக்கத்தைக் கெடுக்குது.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு புடவை போட்டோவுக்கு நோட்டீஸ் வந்துச்சு. வக்கீல் லெட்டர்பேடு, சிவப்பு முத்திரை. நான் படிச்சுக்கூட முடிக்கலை, பத்து நிமிஷத்துல எடுத்துட்டேன். மறுநாள் போட்டோ போட்டவர் நேர்ல வந்தார். அதே புடவை, தறியில பாதி நெய்ஞ்சு நிக்கிறப்பவே எடுத்த படம் அவர் போன்ல இருந்துச்சு. அவர் தறி, அவர் புடவை, அவர் படம். நான் திரும்பப் போட்டேன். அதுக்குள்ள முகூர்த்த சீசன் முடிஞ்சிருச்சு.

நான் எடுத்தது பயத்துல. வழக்குன்னு வந்தா எனக்கு ஒரு மாச வருமானம் போயிடும், எடுத்துட்டா ஒண்ணும் போகாது. பெரிய தளத்துக்கும் கணக்கு இதேதான், அங்கே கணக்குப் பார்க்கிறது மிஷின்.

#3 சத்துவாச்சாரி வக்கீல் | சனி, காலை 6.55

இருவர் பதிவையும் படித்தேன். வேலூர் நீதிமன்ற வளாகத்தில் 19 ஆண்டுகளாக வழக்கு நடத்துகிறேன். முதலில் ஒரு சொல். இது பதிப்புரிமை. காப்புரிமை என்றால் கண்டுபிடிப்புக்கு வாங்குவது. மனு எழுதும்போது மாறிப்போனால் வீண் சிக்கல்.

சட்டம் வந்த கதையை அறிந்தால் காட்பாடி தம்பியின் பயம் புரியும். 2000-ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் வந்தபோது, தனக்குத் தெரியாது என்று நிரூபிக்க வேண்டிய சுமை தளத்தின் தலையில் இருந்தது. 2004-இல் ஒரு பயனர் விற்பனைக்குப் போட்ட காணொலிக்காக ஓர் இணைய ஏலத் தளத்தின் தலைமை அதிகாரியையே கைது செய்தார்கள். அதன்பிறகுதான் 2008-இல் 79-ஆம் பிரிவைத் திருத்தி எழுதினார்கள். அனுப்புவது யார், பெறுவது யார், உள்ளடக்கம் எது என்பதில் தளம் கை வைக்கக் கூடாது, உரிய கவனத்தோடு நடக்க வேண்டும், குற்றத்துக்குத் துணைபோகக் கூடாது, அறிந்தபின் விரைந்து நீக்க வேண்டும். இப்படி நடந்தால் பொறுப்பிலிருந்து விலக்கு.

"அறிந்தபின்" என்றால் என்ன? 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் ஸ்ரேயா சிங்கால் வழக்கில், இணையத்தில் எழுதியதற்காகக் கைது செய்ய இடம் கொடுத்த 66ஏ பிரிவை ரத்து செய்தபோது இதற்கும் விடை சொன்னது. யாரோ அனுப்பும் கடிதம் போதாது. நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிக்கையோ வந்தால்தான் தளம் "அறிந்தது" என்று கொள்ள வேண்டும். இல்லையென்றால் லட்சக்கணக்கான புகார்களில் எது நியாயம் என்று தளமே நீதிபதியாக உட்கார நேரும்.

ஆனால் பதிப்புரிமை தனிப் பாதையில் போகிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்த திருத்தத்தின்படி, 52(1)(சி) பிரிவில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. உரிமையாளர் எழுத்தில் புகார் கொடுத்தால், சேமித்து வைத்திருப்பவர் அந்தப் படைப்பை 21 நாள் நிறுத்தி வைக்க வேண்டும். அதற்குள் நீதிமன்ற ஆணை வராவிட்டால் மறுபடி திறந்துவிடலாம். 2013 பதிப்புரிமை விதிகளில் 75-ஆவது விதி, புகாரில் திருப்தி ஏற்பட்டால் 36 மணி நேரத்துக்குள் நிறுத்தச் சொல்கிறது. புகார்தாரரும் சும்மா ஒரு வரி எழுதிவிட முடியாது. எந்தப் படைப்பு, உரிமை எப்படி வந்தது, மீறிய நகல் எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். 21 நாளுக்குள் வழக்குத் தொடர்ந்து ஆணை கொண்டுவருகிறேன் என்று உறுதியும் எழுதித் தர வேண்டும். எனக்குப் பிடித்த வரி அதுதான். புகார் கொடுப்பவரையும் ஒரு கயிற்றில் கட்டுகிறது.

தற்காலிகச் சேமிப்புக்காக எழுதிய இந்த ஏற்பாடு, ஒரு காணொலியை வருஷக்கணக்கில் வைத்திருக்கும் தளத்துக்குப் பொருந்துமா என்று வாதம் உண்டு. அதைவிடப் பெரிய தடை, பாலாற்றுமணல் சார் பார்த்த படிவம் இந்தியச் சட்டப்படி அமைந்ததே அல்ல. அது அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டு டிஎம்சிஏ என்ற டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தின் 512-ஆம் பிரிவைப் பார்த்து எழுதியது. அங்கே, இது மீறல் அல்ல என்று ஏற்றியவர் எதிர்அறிவிப்பு கொடுக்கலாம். கொடுத்தால் 10 முதல் 14 வேலை நாளுக்குள் தளம் காணொலியைத் திரும்பப் போட வேண்டும், புகார்தாரர் வழக்குப் போட்டால் தவிர. அதுபோக, தெரிந்தே பொய்ப் புகார் கொடுப்பவர் நஷ்டஈடு தர வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. நம் 79-இலோ 52-இலோ அப்படி ஒரு வரி இல்லை. என் குறை அதுதான்.

ஆனாலும் கையில் ஒன்று இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டம் 60-ஆம் பிரிவு. ஆதாரமில்லாமல் வழக்கு என்று மிரட்டினால், மீறல் இல்லை என்று அறிவிக்கச் சொல்லியும் நஷ்டஈடு கேட்டும் நாமே வழக்குப் போடலாம். தளத்துக்குக் கொடுத்த புகாரும் மிரட்டல்தானா என்பதில் வாதாட இடமிருக்கிறது.

#4 வாலாஜா கேமரா | சனி, காலை 9.30

எல்லாரும் ஏத்துறவர் பக்கமே பேசுறீங்க. நான் உரிமைக்காரன், என் கதையையும் கேளுங்க.

நாலு வருஷம் முன்னாடி வடகிழக்குப் பருவமழையில வேலூர் கோட்டை அகழி தளும்பி நின்னுது. விடியல்ல போய், இடுப்பளவு ஈரத்துல நின்னு, ஜலகண்டேஸ்வரர் கோபுரம் தண்ணியில விழற மாதிரி ஒரு படம் எடுத்தேன். நாலு நாள் தொடர்ந்து போயி அஞ்சாவது நாள் கிடைச்ச படம். பத்தாவது நாள் அது ஒரு சமூக வலைத்தளப் பக்கத்துல, என் பேரை வெட்டிட்டு. அப்புறம் ஓட்டல் மெனு கார்டுல, காலண்டர்ல, ஒரு அரசியல் வாழ்த்து பேனர்ல.

நான் ஒரு படத்துக்குப் புகார் கொடுப்பேன், எடுப்பாங்க. அதே ஆள் அதே படத்தை வேற பேர்ல அன்னைக்கு சாயந்திரமே போடுவான். மறுபடி நான் லிங்க் தேடி, படிவம் நிரப்பி, என் ஆதார் காட்டி... முப்பத்தி ஏழு தடவை செஞ்சிருக்கேன். எண்ணி வச்சிருக்கேன். கல்யாண சீசன்ல இதுக்கு எனக்கு ஏது நேரம்?

அந்தப் பக்கம் வளர்றதால தளத்துக்கு விளம்பரக் காசு வருது. காசு வர்ற இடத்துல "எனக்குத் தெரியாது"ன்னு சொன்னா எப்படி ஒத்துக்கிறது? ஒரு தடவை இது இன்னாருதுன்னு காட்டின பிறகு, அதே படம் திரும்ப வராம தடுக்கிற பொறுப்பு அவங்களுதுதானே? கூத்துக்காரரோட 41 நொடியை மோப்பம் பிடிக்கத் தெரிஞ்ச மிஷினுக்கு என் படத்தைப் பிடிக்கத் தெரியாதா? பெரிய கம்பெனி கேட்டா மிஷின் ஓடுது, வாலாஜாக்காரன் கேட்டா படிவம் வருது.

#5 சட்டமாணவி | சனி, மதியம் 1.15

வாலாஜா அண்ணா சொன்ன கடைசி வரிக்காகவே இந்தப் பதிவு. உங்கள் கேள்வியை நம் நீதிமன்றம் நேராகவே பார்த்திருக்கிறது.

டெல்லி உயர் நீதிமன்றத்தில் சூப்பர் கேசட்ஸ் என்ற பாட்டு நிறுவனம், பயனர்கள் பாட்டும் காணொலியும் ஏற்றுகிற மைஸ்பேஸ் தளத்தின் மீது வழக்குப் போட்டது. 2011-இல் தனி நீதிபதி தளத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். பதிப்புரிமைக்காரரின் உரிமையை இந்தச் சட்டத்தில் எதுவும் தடுக்காது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 81-ஆம் பிரிவில் இருப்பதால், பதிப்புரிமை வழக்கில் 79-இன் பாதுகாப்பு கிடையாது என்றார். தளம் விளம்பரம் சேர்ப்பதையும் வடிவம் மாற்றுவதையும் அவர் தளத்துக்கு எதிராகவே எடுத்துக்கொண்டார். 2016 டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு இதை மாற்றியது. 79-ஆம் பிரிவையும் பதிப்புரிமைச் சட்டத்தின் 51-ஆம் பிரிவையும் சேர்த்தே படிக்க வேண்டும், பாதுகாப்பு உண்டு என்றது. "எங்கள் பாட்டு எதுவும் இருக்கக் கூடாது" என்று மொத்தமாக ஒரு பட்டியல் கொடுத்தால் அது அறிவாகாது. எந்தப் படைப்பு, எந்த இடத்தில் என்று குறிப்பாகக் காட்ட வேண்டும். அப்படிக் காட்டிவிட்டால் பதிப்புரிமையில் நீதிமன்ற ஆணைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, எடுத்தாக வேண்டும். வக்கீல் சார் சொன்ன தனிப் பாதை என்பது இதையும் சேர்த்துத்தான்.

மிஷின் தானாக விளம்பரம் ஒட்டுவதையும் வடிவம் மாற்றுவதையும் வைத்து மட்டும் தளத்துக்கு "தெரியும்" என்று சொல்லிவிட முடியாது என்றும் அந்த அமர்வு சொன்னது. உங்களுக்கு அது வலிக்கும் அண்ணா, எனக்கும் அந்த இடத்தில் முழுச் சம்மதமில்லை.

ஐரோப்பா 2019-இல் நீங்கள் கேட்கிற பக்கம் போயிற்று. அங்கே பதிப்புரிமை ஆணையின் 17-ஆம் பிரிவு, பெரிய தளங்கள் உரிமம் வாங்க முயல வேண்டும், காட்டிக்கொடுத்த படைப்பு திரும்ப வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. சரியான பயன்பாடு சிக்கிக்கொள்ளக் கூடாது என்றும் அதே பிரிவில் இருக்கிறது. இரண்டையும் ஒரே மிஷினால் செய்ய முடியுமா என்பதுதான் கேள்வி. பாலாற்றுமணல் அண்ணாவின் 41 நொடியே அதற்குச் சாட்சி.

அளவு மீறித் தடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு வெளியூர் போக வேண்டாம். 2012-இல் ஒரு தமிழ்ப் படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் பெயர் தெரியாத பிரதிவாதிகள் மீது தடையாணை கொடுத்தது. இணைய சேவை நிறுவனங்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு தளம் தளமாகவே மூடிவிட்டன. படத்துக்குச் சம்பந்தமே இல்லாத காணொலிகளும் சேர்ந்து போயின. ஜூன் மாதம் நீதிமன்றமே தலையிட்டு, குறிப்பிட்ட முகவரியை மட்டும்தான் தடுக்க வேண்டும் என்று தெளிவுபடுத்த வேண்டியிருந்தது.

இன்னொன்று. கூத்துப் பதிவுகளை ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்கிறவர்கள் பயந்து கேட்கிறார்கள். குழுவில் ஒருவர் போட்டதற்கு, அட்மின் என்பதற்காக மட்டும் அட்மினைக் குற்றவாளியாக்க முடியாது என்று மதுரைக் கிளை 2021-இல் சொல்லியிருக்கிறது.

#6 ஆம்பூர் ரயில் | சனி, மாலை 4.02

இதெல்லாம் பேசி ஆகாது. அந்த ஆடியோ கம்பெனி முதலாளி நம்பர் இதோ. ஆளுக்கு ஒரு போன் போடுங்க. [எண் நீக்கப்பட்டது]

#7 மட்டுறுத்துநர் | சனி, மாலை 4.20

மேலே இருந்த தொலைபேசி எண்ணையும் கம்பெனியின் பெயரையும் எடுத்துவிட்டேன். ஒருவர் தனிச்செய்தியில் சுட்டிக்காட்டினார், பார்த்தேன், எடுத்தேன். பதிவின் மற்ற வரிகளில் கை வைக்கவில்லை. ஆம்பூர் ரயிலுக்குக் காரணத்தைத் தனியாக எழுதியிருக்கிறேன், மறுப்பு இருந்தால் அவர் எனக்கு எழுதலாம். தளங்களுக்கான 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் வந்தபோது, புகார் வந்தால் 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், 15 நாளில் தீர்க்க வேண்டும் என்று இருந்தது. இந்த நாள் கணக்கை அரசு அவ்வப்போது மாற்றுகிறது. எனவே அன்றன்றைக்குப் பார்த்துவிடுவது என் வழக்கம்.

#8 புஜகட்டை | ஞாயிறு, இரவு 12.40

நான் இங்க படிக்கிறதோட சரி, எழுதனதில்ல. இப்ப எழுதியே ஆவணும்.

அன்னிக்கு ராத்திரி அந்த விருத்தம் பாடினவரு எங்க அண்ணன். நான் அதே கூத்து ஜமாவுல வேஷம் கட்டறவன். பாலாற்றுமணல் சாரை எங்களுக்கு நல்லா தெரியும், டீ வாங்கிக் குடுப்பாரு, வேஷத்துக்குக் கட்டின கட்டை கழட்டறப்போ கூட நின்னு கயித்த அவுப்பாரு.

அந்த கம்பெனி கேசட்ட நேத்து தேடிப் புடிச்சி கேட்டோம். அதுல பாடறது எங்க நைனா. நான் அப்ப மூணாங்கிளாஸ். ஆரணியிலேர்ந்து ஒரு வேன் வந்திச்சி, ஜமாவ இட்டுகினு போயி ஒரு ரூம்ல ரெண்டு நாள் பாட வுட்டாங்கோ. இன்னா குடுத்தாங்கோ தெரியுமா? ஆளுக்கு ஒரு வேட்டி, சாப்பாடு, நைனாவுக்கு மட்டும் முந்நூறு ரூபா. ஒரு தாள்ல கையெழுத்து வாங்கினாங்கோ. அதுல இன்னா எழுதியிருந்திச்சின்னு நைனாவுக்கு கடைசி வரைக்கும் தெரியாது.

மிஷின் எங்க அண்ணன் தொண்டையில எங்க நைனாவக் கேட்டிருக்குது. அதே இழுப்பு, அதே எடத்துல மூச்சு. முகவீணை ஊதறவரும் நைனாவுக்கு ஊதினவரோட புள்ளதான். கம்பெனிக்காரங்கோ சொல்றாங்கோ அது அவங்கோ சொத்தாம்.

சார் மேல கோவம் இல்ல. ஆனா ஒண்ணு கேக்கறேன். ஆறு வருசமா ஏத்தறீங்கோ. ஒரு வீடியோவுலயாவது வாத்தியார் பேரு, மிருதங்கம் யாரு, முகவீணை யாருன்னு போட்டிருக்கீங்களா? ஊர் பேரு போடறீங்கோ, கோயில் பேரு போடறீங்கோ.

#9 பாலாற்றுமணல் | ஞாயிறு, இரவு 1.25

போடவில்லை, தம்பி. இப்போது உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். இதுவரை பார்த்த எண்பத்தாறு வீடியோவில் ஊர்ப் பெயரும் தேதியும் மட்டும் இருக்கிறது. எடுக்கட்டுமா என்று வாயால் கேட்டிருக்கிறேன், வாத்தியார்கள் தலையாட்டியிருக்கிறார்கள். உலகம் முழுக்கப் போடப்போகிறேன் என்று ஒருவரிடமும் விளக்கிச் சொன்னதில்லை. மன்னிப்புக் கேட்கிறேன். அந்தக் கேசட் கதையை அண்ணன் எனக்குச் சொன்னதே இல்லை, நானும் கேட்டதில்லை.

#10 சத்துவாச்சாரி வக்கீல் | ஞாயிறு, காலை 8.10

புஜகட்டை தம்பி எழுதியது இந்த விவகாரத்தையே மாற்றுகிறது.

கேசட் கம்பெனிக்கு அந்த ஒலிப்பதிவில் உரிமை இருக்கலாம். வெளியான மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டு. ஆனால் அது அந்த இரண்டு நாளில் அந்த அறையில் பதிவான ஒலிக்கு உள்ள உரிமை. அந்த விருத்தத்தை வேறொருவர் தன் குரலில் வேறோர் இடத்தில் பாடினால், அந்தப் பாடல் அந்த ஒலிப்பதிவின் நகல் ஆகாது. மகன் தந்தையைப் போலப் பாடுவது நகல் அல்ல.

விருத்தத்தின் சொற்கள் யாருடையவை என்பது அடுத்த கேள்வி. வழிவழி வந்ததென்றால் ஒருவருக்கும் தனி உரிமை இல்லை. வாத்தியாரின் தந்தை கட்டியதென்றால் அவருக்கும், அவர் காலத்துக்குப்பின் 60 ஆண்டுக்கு வாரிசுகளுக்கும் உரியது. அதைக் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்துவிட்டாரா? எழுத்தில் இருந்தால்தான் செல்லும். அந்தத் தாளில் காலம் குறிப்பிடாவிட்டால் 19-ஆம் பிரிவின்படி 5 ஆண்டு என்றுதான் கொள்ள வேண்டும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். மூன்றாம் வகுப்புப் பையன் இன்று குடும்பஸ்தர். ஐந்து ஆண்டு எப்போதோ முடிந்திருக்கும்.

பாலாற்றுமணல் சார் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். 1994 திருத்தத்திலிருந்து நிகழ்த்துநருக்கென்று தனி உரிமை இருக்கிறது. நடிகர், பாடகர், இசைஞர், நடனக்காரர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டிகூட அந்தப் பட்டியலில் உண்டு. கூத்தாடி ஏன் இருக்க மாட்டார்? இன்று அந்த உரிமை 50 ஆண்டு. பதிவு செய்யவும் மக்களுக்குக் கொண்டுபோகவும் அவர் சம்மதம் வேண்டும். தன் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்பது 38பி பிரிவின்படி அவர் உரிமை. தம்பி கேட்டது சட்டப்படியே சரியான கேள்வி.

ஆகவே தளத்துக்கு அனுப்பும் மறுப்பு உங்கள் பெயரில் மட்டும் போகக் கூடாது. வாத்தியாரின் எழுத்துச் சம்மதத்தோடு போகட்டும்.

#11 காட்பாடி சர்வர் | ஞாயிறு, காலை 9.05

சார், நான் ஒரு முடிவு பண்ணிட்டேன். இனிமே பதிப்புரிமைப் புகார் வந்தா 75-ஆவது விதி கேட்கிற விவரம் இருக்கான்னு முதல்ல பார்ப்பேன். இல்லேன்னா விவரம் கேட்டுத் திருப்பி அனுப்புவேன். இருந்தா நிறுத்தி வச்சுட்டு, அன்னைக்கே ஏத்தினவருக்குப் புகார் நகலை அனுப்புவேன். 22-ஆம் நாள் கோர்ட் ஆணை இல்லேன்னா திறந்துடுவேன். இதைத் தமிழ்லயே எழுதி முகப்புல போடப் போறேன். ஆபாசப் படம், பெண்கள் படம்னு வந்தா மட்டும் ஒரு நொடிகூட யோசிக்க மாட்டேன், உடனே எடுப்பேன். வாலாஜா அண்ணே, உங்க அகழி படத்தை எனக்கு அனுப்பி வைங்க. என் தளத்துல யார் போட்டாலும் நான் கவனிச்சுக்கிறேன்.

#12 வாலாஜா கேமரா | ஞாயிறு, காலை 9.40

அனுப்பிட்டேன் தம்பி. முப்பத்தி ஏழு தடவையில இப்படி ஒருத்தர் கேட்டது இதுதான் முதல் தடவை.

#13 பாலாற்றுமணல் | புதன், இரவு 9.15

நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த எதிர்அறிவிப்புப் படிவத்தைத் திறந்தேன். என் பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர் எல்லாம் புகார்தாரருக்குப் போகுமாம். தளம் இருக்கும் இடத்து அமெரிக்க நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்படுகிறேன் என்று டிக் அடிக்க வேண்டுமாம். கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். இரண்டு ராத்திரி அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்து எடுத்தேன். பயந்து பாதியில் விட்டவர்கள் எத்தனை பேரோ.

நேற்று சாயந்திரம் வாத்தியார் வீட்டுக்குப் போனேன். தம்பியும் இருந்தார். பெயர் போடாததற்கு நேரில் மன்னிப்புக் கேட்டேன். "வுடு" என்றார் வாத்தியார். சம்மதக் கடிதத்தை வரிவரியாகப் படித்துக் காட்டினேன். ஒரு வரியை மாற்றச் சொன்னார். "கலைஞர்கள்" என்று பொதுவாக எழுதியிருந்தேன், பதினோரு பேர் பெயரையும் தனித்தனியாக எழுதச் சொன்னார். எழுதினேன். பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அப்புறம் உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். முகச்சாயம், அறுந்த ஜிகினா, அடியில் மஞ்சள் துணியில் சுற்றிய நீளக் கணக்கு நோட்டு. அவர் நைனா பென்சிலில் எழுதியது. ஓரமெல்லாம் கரையான் அரித்திருக்கிறது. நாலாவது ஏட்டில் அந்த விருத்தம். முதல் இரண்டு அடி பழைய புத்தகத்தில் இருப்பதுதானாம். மற்ற இரண்டு அடியும் நைனா கட்டியதாம். ஒரு சொல்லை அடித்துவிட்டு மேலே வேறு சொல் எழுதியிருக்கிறார். மூன்றாம் பாகத்தைப் போட்டுக் கேட்டோம். வாத்தியார் பாடுவது அந்தத் திருத்திய சொல்லை. கேசட்டில் இருப்பது அடித்துவிட்ட பழைய சொல்.

இன்று காலை எண்பத்தாறு வீடியோவில் பதினெட்டுக்குப் பெயர்கள் சேர்த்துவிட்டேன். மற்ற ஜமாக்களுக்குப் போன் செய்துகொண்டிருக்கிறேன். எதிர்அறிவிப்பை இன்னும் அனுப்பவில்லை. வக்கீல் சார், அந்த நோட்டை எடுத்துக்கொண்டு உங்களைப் பார்க்க வரட்டுமா?

#14 சத்துவாச்சாரி வக்கீல் | புதன், இரவு 10.30

வெள்ளிக்கிழமை காலை பத்துக்குள் வந்துவிடுங்கள், அதன்பின் நான் கோர்ட்டில் இருப்பேன். வாத்தியாரையும் தம்பியையும் அழைத்து வாருங்கள். கேசட் உறையோடு வேண்டும், உறையில் ஆண்டு அச்சாகியிருக்கும். நோட்டின் அசலைப் பஸ்ஸில் கொண்டுவர வேண்டாம். எல்லா ஏட்டையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து வாருங்கள், அந்த அடித்துத் திருத்திய வரியை மட்டும் கிட்டத்தில் தனியாக எடுங்கள். அசல் அந்தப் பெட்டியிலேயே இருக்கட்டும்.